நாலாவது ஆணி

நெஞ்சு வார்டு, கட்டில் 17
ஜூன் 11

இஸ்திரி அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலை விட்டு இறங்கி, வேனில் ஏறி, மேட்டுப் பாதையில் சுற்றிச் சுற்றி வந்ததில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. இங்கே நீளமாக ஒரே கூடம். இருபத்திரண்டு கட்டில். ஜன்னல் எல்லாம் எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டுமாம். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பதினேழு, மாத்திரை போட்டாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். இரண்டே நாளில் எனக்கும் அது பழகிவிட்டது.

எனக்கு வந்திருப்பது வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இங்கேயே கிடக்க வேண்டும். மாத்திரைகளைப் பார்த்தால் ஒருவேளைச் சாப்பாடு மாதிரி இருக்கிறது.

சில்லுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாலில் ஏடு இருந்தால் குடிக்க மாட்டாள். பல் தேய்த்துவிட்டேன் என்று கூசாமல் பொய் சொல்வாள், நம்பாதீர்கள். தூங்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வாள். முக்கியமாக ஒன்று: விழுந்தால், அடிபட்டால் ஊரைக் கூட்டுவாள். ஆனால் நிஜமாகவே மனசு நொந்தால் அழ மாட்டாள், ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுவாள். அவள் அப்பா எங்களை விட்டு ஓடிப்போனபோது அப்படித்தான் இருந்தாள். அந்த மாதிரி இருந்தால் கவனியுங்கள்.

அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் சங்கத்து ஆபீஸ் ஃபைல் அக்கா, "கொழந்தைய யாராவது வெச்சுக்கறீங்களா? இல்லன்னா விடுதிக்குத்தான் அனுப்பணும்" என்று கேட்டபோது மற்ற மூன்று பேரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சங்கத்தில் கடன் வாங்கியபோது ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். குழந்தைக்கும் ஜாமீன் என்று யாரும் போடவில்லை. நீங்கள்தான் மடித்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எங்கிட்ட விடுங்க, கடையில ஒரு ஓரமா உக்காந்திருப்பா" என்றீர்கள். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நன்றி அக்கா.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அவளை இங்கே கூட்டி வராதீர்கள். உள்ளே விடவும் மாட்டார்கள், என்னை இந்தக் கோலத்தில் அவள் பார்க்கவும் வேண்டாம். சங்கத்து ஆபீஸ் போனிலும் பேச வைக்க வேண்டாம். மூன்று வார்த்தை பேசினால் எனக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வருகிறது. வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்து அவள் ஒருமுறை பயந்தது போதும். நான் எழுதுகிறேன், நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

பைக்காரி


இஸ்திரிக் கடை
ஜூலை 2

தங்கச்சிக்கு,

நன்றி கின்றி என்று இன்னொரு முறை எழுதினால் உன் மகளைப் பார்சல் கட்டி அங்கேயே அனுப்பிவிடுவேன்.

ஓரமாக உட்கார்ந்திருப்பாள் என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். துணி கொண்டு வருகிற ஒருத்தரையும் அவள் சும்மா விடுவதில்லை. "இது யார் சட்டை? ஏன் ரெண்டு பட்டன் இல்ல? சண்டை போட்டீங்களா?" என்று போலீஸ் மாதிரி கேள்வி. ஹாஸ்டல் வார்டனே பயந்து போயிருக்கிறார். பல் தேய்த்தேன் என்று நேற்றும் சொன்னாள். பிரஷைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான்.

ஃபைல் அக்கா வீடு பார்க்க வந்தாள். பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். "கொழந்தைக்குத் தனிப் படுக்கை இருக்கா?" என்றாள். "இருக்கு, ஆனா அவ அதுல படுக்கறதில்ல" என்றேன். இரண்டையும் ஃபைலில் எழுதிக்கொண்டாள்.

உன் தையல் மெஷின் கடன் தவணை நிற்கக் கூடாது என்று நாங்கள் நாலு பேரும் சனிக்கிழமை முறை போட்டு உன் மெஷினில் உட்கார்ந்து சாக்குப் பை தைக்கிறோம். நாங்கள் தைக்கிற அழகுக்கு ஒரு கைப்பிடி நீளம், ஒரு கைப்பிடி குட்டை. கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது பையா, தராசா?" என்று கேட்டார். சீக்கிரம் வந்து சேர்.

மூன்றாம் நாளே சில்லு என்னிடம், "அம்மா மூஞ்சி எனக்கு மறந்துடுமா பெரியம்மா?" என்று கேட்டாள். கடன் மனுவில் ஒட்டிய உன் சின்ன போட்டோவை ஃபைல் அக்காவிடம் கெஞ்சி வாங்கி, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டு வந்தேன். முகத்துக்குப் பின்னால் நீலத்தைப் பூசித் தொலைத்திருக்கிறான் ஸ்டூடியோக்காரன். உன்னை யாரோ கிள்ளிவிட்ட மாதிரி முழிக்கிறாய். என் வீட்டுக்காரர் இருந்தபோது ஒரே நாளில் அந்தச் சுவரில் வரிசையாக நாலு ஆணி அடித்தார். மூன்றில் என் மாமியார், அவர், என் மகள். நாலாவதில் காலண்டர் தொங்கியது. காலண்டரைக் கழற்றிவிட்டு உன்னை மாட்டிவிட்டேன். எழுந்ததும் அவள் கண்ணில் படுகிற இடம்.

காலையில் கடை திறக்கும் முன் நான் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன், உனக்குத்தான் தெரியுமே. "இன்னைக்கு ஹாஸ்டல் துணி வருது, மழை வருமா?" என்று கேட்டு, "வராது, போ" என்று அவர் பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். சில்லு வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள். இப்போது அவளும் உன் போட்டோவுக்கு "போயிட்டு வரேம்மா" சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். நீ கவலைப்படாமல் மாத்திரையைப் போடு.

அக்கா


நெஞ்சு வார்டு, கட்டில் 17
செப்டம்பர் 9

அக்காவுக்கு,

எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் பதினாறாம் நம்பர் வயசானவள், ஒரு காலத்தில் மேடையில் பாடினவளாம். இருமலுக்கு நடுவில் பாட்டா, பாட்டுக்கு நடுவில் இருமலா என்று தெரியாது. நர்ஸ் திட்டினால் இன்னும் சத்தமாகப் பாடுவாள். எனக்கு இங்கே அவள்தான் துணை.

சில்லு கடையில் துணிகளைக் கலர் கலராகப் பிரித்து வைக்கிறாள், அடமே பிடிப்பதில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அடம் பிடிக்காத சில்லுவை எனக்குத் தெரியாது. உங்கள் கைராசியாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் கடிதத்தில் 'சில்லு இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள்' என்று நிறைய இருந்தது. போன இரண்டு கடிதத்தில் அவள் எனக்கென்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. நான் எழுதுவதைப் படித்துக் காட்டுகிறீர்களா? என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா? கேட்டால் அதே வார்த்தையில் எழுதுங்கள்.

பெரியம்மா என்று கூப்பிடுவது எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். இங்கே படுத்துக் கிடந்தால் புத்தி இப்படித்தான் போகிறது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பைக்காரி


இஸ்திரிக் கடை
டிசம்பர் 3

தங்கச்சிக்கு,

சில்லு நன்றாக இருக்கிறாள். இரண்டு விரல் உயரம் கூடியிருக்கிறாள். மேல் முன்பல் விழுந்துவிட்டது, உனக்காகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நீ எழுதுவதையெல்லாம் படித்துக் காட்டுகிறேன். பேசாமல் கேட்டுக்கொள்கிறாள்.

கடையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


நெஞ்சு வார்டு, கட்டில் 17
ஜனவரி 20

அக்காவுக்கு,

பதினாறு போய்விட்டாள். மத்தியானம் பாடிக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அதே கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாள், அவளும் பதினாறுதான்.

மூன்று வாரமாக எனக்கும் சரியில்லை. ரத்தம் மறுபடி வருகிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள், காதில் எந்நேரமும் வண்டு பறக்கிறது. கையெழுத்து இப்படி ஓடுவதற்கு அதுதான் காரணம்.

இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. ஃபைல் அக்காவிடம் நானே கேட்டு வாங்கியது. பிள்ளையைத் தத்துக் கொடுக்க எனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்துக்கொள்பவர் இடத்தில் உங்களைத்தான் எழுதியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன், எனக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? தேதி மட்டும் போடவில்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் போட்டு ஃபைல் அக்காவிடம் கொடுங்கள். அவள் விடுதிக்குப் போகக் கூடாது. நீளக் கூடத்தில் வரிசைக் கட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அக்கா.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு தேறுகிறது என்றே சொல்லுங்கள்.

பைக்காரி


இஸ்திரிக் கடை
பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

பத்திரம் வந்தது. இஸ்திரி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். சாகிறேன் சாகிறேன் என்று எழுதாதே. அதைப் படித்த அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன்.

ஃபைல் அக்கா கடைக்கு வந்து, "பத்திரம் வந்துச்சா?" என்று கேட்டாள். "இன்னும் வரல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது நீ இருக்கிற நிலைமையில் வேண்டாம். இன்னொரு நாள் எழுதுகிறேன். மருந்தை மட்டும் விடாதே.

அக்கா


நெஞ்சு வார்டு, கட்டில் 17
ஏப்ரல் 18

அக்கா! அக்கா!

சளியில் கிருமி இல்லை! போன மாதமும் இல்லை, இந்த மாதமும் இல்லை. முதல் முறை நம்பாமல் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு டாக்டரே கட்டிலுக்கு வந்து, "பதினேழு, உனக்கு இனி இங்க இடம் கெடையாது, வேற யாருக்காவது வேணும்" என்று சிரித்தார். மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷம் போட வேண்டும். ஜூலையில் விட்டுவிடுவார்களாம்.

அந்தப் பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். சில்லுவிடம் அம்மா வருகிறாள் என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து, ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆபீஸுக்குக் கூட்டி வாருங்கள், போனில் பேசுகிறேன். இப்போது பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் வருகிறது.

ஏதோ எழுத வேண்டும் என்றீர்களே, இப்போது எழுதுங்கள். எதையும் தாங்குவேன்.

பைக்காரி


இஸ்திரிக் கடை
ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நவம்பரில் ஒரு நாள் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். வீட்டில் இருப்பவர்களை வரையச் சொன்னாராம். சில்லு கீழே ஒரு பெரிய ஆளும் ஒரு சின்ன ஆளும் வரைந்து, மேலே வரிசையாக நாலு சதுரம் போட்டு, அதற்குள் நாலு முகம் வரைந்திருந்தாள். நாலாவது முகத்துக்குப் பின்னால் நீலம் அடித்திருந்தாள். "உங்கம்மா எங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "செவுத்துல இருக்காங்க" என்றாளாம். டீச்சர் என்னைப் பார்த்து, "அவ அம்மா எப்போ தவறினாங்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

வெளியே வந்து வழியிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்ல?"

"ம்."

"அப்புறம் டீச்சர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"பெரியப்பாவும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாங்க. அந்தப் பாப்பாவும் ஆஸ்பத்திரிக்குத்தான் போச்சு. நீங்கதானே சொன்னீங்க."

"அம்மா லெட்டர் எழுதறாங்களே. நான் படிக்கிறேனே?"

"பெரியப்பா சொல்றதயும்தான் நீங்க சொல்றீங்க."

அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "போட்டோ மாட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும் பெரியம்மா. கேட்டா நீங்க அழுவீங்கன்னுதான் கேக்கல."

ஜூனில் மாட்டினேன். ஜூனிலிருந்து நவம்பர் வரைக்கும் அந்தக் குழந்தை தனியாகத் துக்கம் காத்திருக்கிறது. அடம் பிடிக்கவில்லை, சொன்ன பேச்சு கேட்கிறாள் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அது அதுதான். நல்ல பிள்ளையானால் கவனியுங்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் சுவரில் இருப்பவர்கள் எல்லாம் செத்தவர்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. தினமும் அவர்களோடு பேசிப் பேசி எனக்கு அந்த வித்தியாசமே மறந்துவிட்டது.

இதுவரைக்கும் தப்பு. இனிமேல் எழுதப் போவது தப்பு இல்லை, பாவம்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "இனிமே உங்களையே அம்மான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். என் மகள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் "சரி" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். உன் கடிதம் வந்தால் படித்துக் காட்டுவேன், அவளும் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். உன் பத்திரம் வந்தபோது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி போடவில்லை. போடவில்லை என்பதற்காக என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. அங்கிருந்து ஒரு தகவல் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். வந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று உட்கார்ந்ததால் இதையும் எழுதுகிறேன்.

பத்திரத்தை இரண்டாகக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அடுப்பில் போட்டேன் என்று எழுதினால் நீ நம்ப வேண்டியதில்லை.

சில்லுவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

அக்கா


நெஞ்சு வார்டு, கட்டில் 17
மே 5

உங்களுக்கு,

திட்டி நாலு பக்கம் எழுதினேன். இருமல் வந்துவிட்டது, கிழித்துப் போட்டேன்.

நான் செத்துவிட்டேன் என்று என் மகள் பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஐந்து மாதம் உங்களுக்குத் தெரிந்தே. நான் இங்கே வாந்தியில் வந்த மாத்திரையைக் கழுவி மறுபடி விழுங்கியிருக்கிறேன். யாருக்காக விழுங்கினேன்? உங்கள் சுவரில் தொங்குவதற்கா?

கூட்டி வராதீர்கள், போன் வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒரு முறை என் குரலைக் கேட்டிருந்தால் போதும். அது எனக்குத் தெரியும், அதை நினைத்துத்தான் இங்கே முட்டிக்கொள்கிறேன். ஆனால் அதற்காக உங்களை மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போட்டோவைக் கழற்றுங்கள். ஃபைல் அக்காவிடம் தள்ளிவிடாமல் நீங்களே சில்லுவிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தே மறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இனி அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடுங்கள், ஆறுதலுக்குச் சொல்கிற பொய்யாக இருந்தாலும்.

நீங்கள் ஊட்டாமல், குளிப்பாட்டாமல் இருந்திருந்தால் உங்களை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.


இஸ்திரிக் கடை
மே 12

தங்கச்சிக்கு,

கழற்றிவிட்டேன். சொல்லிவிட்டேன்.

கடிதம் வந்ததும் கடையைச் சாத்தினேன். ஸ்டூல் போட்டு ஏறி உன் போட்டோவை இறக்கி, அவள் மடியில் வைத்து, "அம்மா சாகல சில்லு. உயிரோட இருக்காங்க. நீ தப்பா நெனச்சுட்டே. அது எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல" என்றேன்.

போட்டோவைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். "எறக்கினா வந்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எறக்கினதால இல்ல கண்ணு. அவங்க சாகவே இல்ல, அதனால வர்றாங்க."

தலையாட்டினாள். ஆனால் பார்வை சுவரை விட்டு வரவில்லை. மீதி மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புரிந்ததா என்று கேட்டேன், புரிந்தது என்றாள். என்ன புரிந்தது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று பகல் முழுக்க என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. சாயங்காலம் டம்ளரை நீட்டி, "பெரியம்மா, பால்ல ஏடு" என்றாள். ஐந்து மாதம் கழித்து அந்த 'பெரிய' திரும்பி வந்துவிட்டது. அதுதான் நியாயம். நான் அடுப்பங்கரைக்குப் போய் ஏட்டை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

நீ கேட்டபடி எழுதிக் கொடுக்கிறேன்: இனி நான் சில்லுவிடம் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், ஆறுதலுக்கும் சொல்ல மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆபீஸில் இருப்போம். இருமல் வந்தால் வரட்டும், நீ பேசு.

அக்கா


நெஞ்சு வார்டு, கட்டில் 17
ஜூன் 30

அக்காவுக்கு,

முதல் நாள் போனில் நடந்ததை நீங்கள் வெளியே நின்றதால் கேட்டிருக்க மாட்டீர்கள். 'ஹலோ' என்றாள். அப்புறம் மூச்சு மட்டும்தான் கேட்டது. நான் என்னென்னவோ சொன்னேன். சில்லு, அம்மாடா, அம்மா பேசறேன் என்றேன். கடைசியில் அடக்க முடியாமல் இருமிவிட்டேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா!" என்று ஒரு கத்தல். எந்த இருமலை அவள் கேட்கக் கூடாது என்று ஒரு வருஷம் ஒளித்து வைத்தேனோ, அதை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தாள்.

ஜூலை 28 என்னை விடுகிறார்கள். பழைய வீட்டில் தங்க வேண்டாம், சாக்குத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்கிறார் டாக்டர். என் அண்ணன் அவன் ஊரில் ஒரு அறை பார்த்திருக்கிறான். அங்கே துணிப்பை தைக்கலாம். கடன் கணக்கை அந்த ஊர்க் குழுவுக்கு மாற்றித் தருவதாக ஃபைல் அக்கா சொன்னாள். 29 காலையில் வந்து, சில்லுவையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலில் கிளம்பிவிடுவேன்.

அந்த இரண்டு மூன்று மணி நேரம் உங்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் போனால் அதை வைத்து எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கோபம் பாதிதான் போயிருக்கிறது. மீதியை வைத்துக்கொண்டு உங்கள் கையால் டீ குடிக்க வேண்டுமே என்று இருக்கிறது.

பைக்காரி


இஸ்திரிக் கடை
ஜூலை 30

தங்கச்சிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சில்லுவின் நீலச் செருப்பில் ஒரு கால் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அடுத்த வாரம் ஃபைல் அக்கா அந்தப் பக்கம் வருகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பல்லையும் அனுப்புகிறேன். அவசரத்தில் கொடுக்க மறந்துவிட்டேன்.

நீ எழுதியபடியே ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாய். கிளம்பும்போது இஸ்திரி மேஜைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாய். எனக்கு அது போதும். சில்லு உன் பக்கத்தில் வந்து முதலில் உன் மணிக்கட்டைத் தொட்டுச் சூடு பார்த்தாளே, அப்போது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று உள்ளே போய்விட்டேன்.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

நீயும் கூலிக்காரரும் மெஷினைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது சில்லு என்னிடம் வந்து, "பெரியம்மா, ஸ்டூல் எங்க?" என்று கேட்டாள். அலமாரிமேல் இருக்கிற பொம்மைக்காகத்தான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உள்ளே என்னவோ செய்துகொண்டிருந்தாள். அப்புறம் ஸ்டேஷனில், ரயில் ஜன்னல் வழியாக என் காதைப் பிடித்து இழுத்து ரகசியம் சொன்னாளே, நீ என்னவென்று கேட்கவில்லை. "நீங்க தனியா இருக்க மாட்டீங்க. வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றாள். எனக்கு ஏதோ படம் வரைந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தேன். சுவருக்கடியில் ஸ்டூல் இருந்தது. நாலு ஆணியிலும் ஒன்றும் இல்லை.

உள்ளே பாயை விரித்து, மூன்று போட்டோவையும் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறாள். என் மாமியார், அவர், என் மகள். கழுத்துவரைக்கும் என் போர்வையைப் போர்த்தியிருக்கிறாள். என் மகள் தலைக்கடியில் மட்டும் ஒரு தலையணை, சில்லுவின் தலையணை. அதை ரயிலுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னபோது வேண்டாம் என்று சொன்னாளே, இதற்குத்தான்.

மே மாதம் நான் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது இதுதான். இறக்கியதும் நீ வந்துவிட்டாய். அவள் கண்ணால் பார்த்தது அதுதானே? போகிற அவசரத்திலும் எனக்காக அந்த ஸ்டூலில் ஏறியிருக்கிறாள். கண்ணாடி கனம், கை நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

நேற்றிலிருந்து அப்படியே கிடக்கிறார்கள். மறுபடி எடுத்து மாட்ட எனக்குக் கை வரவில்லை. பாயில் இடம் இல்லாததால் நான் கடையில் படுத்துக்கொண்டேன்.

உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை மீற மாட்டேன். அதனால்தான் சில்லுவுக்கென்று தனியாக ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் அவள் கேட்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் உன்னிடம் கேட்பாள். இன்றைக்கே கேட்டிருப்பாள். பெரியப்பாவும் அந்தப் பாப்பாவும் வந்துட்டாங்களா என்று கேட்பாள். பொய் சொல்லக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கியவள் நீ. இதைக் கேட்க எனக்கு எந்த முகமும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன் தங்கச்சி, இந்த ஒரு முறை மட்டும்.

வந்துட்டாங்கன்னு சொல்லு.

அக்கா